கேப் டவுன் குளிருக்கு எந்த டிரைசூட்?

வாசகி ஒருவர் கேட்கிறார்: "டர்பனில் இருந்தவரை 5 மில்லிமீட்டர் வெட்சூட்டோடு (உடம்பை நனையவிடும் நுரை ரப்பர் உடை) சோட்வானா, அலிவால் ஷோல் என்ற வெதுவெதுப்பான கடலிடங்களில் டைவ் செய்தேன். வேலை மாறி கேப் டவுன் வந்தபின் அட்லாண்டிக் பக்கத்து அவ்டக்ராலில் இருபது நிமிடத்தில் கை விறைத்துப்போய் மேலே வந்துவிட்டேன். தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் வாங்கலாம் என்றிருக்கிறேன். ட்ரைலாமினேட்டா, நியோப்ரீனா? பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எனக்கு ஒல்லியான உடம்பு."

நீங்கள் இறங்கியது கோடையில் என்று நினைக்கிறேன். டர்பன்காரர்களை ஏமாற்றுவது அதுதான். கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று அட்லாண்டிக் பக்கத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும், அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வரும். வெளியே வெயில் கொளுத்தும்போதே தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த நாட்களில்தான் நீர் தெளிந்து, கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காடு நன்றாகத் தெரியும். அதனால் இங்கே தொடர்ந்து டைவ் செய்யப்போகிறவருக்கு டிரைசூட் வீண் செலவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ட்ரைலாமினேட் என்பது இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் வைத்த மெல்லிய உறை. அது தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். சூடு தருவது உள்ளே நீங்கள் போடும் உடையும் அதில் தங்கும் காற்றும். நியோப்ரீன் நுரை ரப்பர், அது தானே கொஞ்சம் சூடு தரும், உடம்போடு ஒட்டியும் நிற்கும். ஆனால் ஆழம் போகப்போக அந்த நுரை நசுங்கி, சூடும் மிதப்பும் குறையும். ஸ்மிட்ஸ்விங்கல் விரிகுடாவின் மூழ்கிய கப்பல்கள்வரை போனால், 30 மீட்டருக்கும் கீழே இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கேட்டது நீங்கள் என்பதால் சொல்கிறேன்: ட்ரைலாமினேட் எடுங்கள். தீபகற்பத்தின் மறுபக்கத்து ஃபால்ஸ் பே வெதுவெதுப்பாக இருக்கும் நாளில் உள்ளுடையைக் குறைக்கலாம், அட்லாண்டிக் பக்கம் போகும் நாளில் கூட்டலாம். சீக்கிரம் உலரவும் செய்யும். உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். அது வியர்வையைப் பிடித்துவைத்து உங்களைக் குளிரவைக்கும். ஃப்ளீஸ் அல்லது தின்சுலேட் போன்ற செயற்கை இழை உள்ளுடை நல்லது.

துணியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சீல், அதாவது கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் நுழையாமல் இறுக்கும் பட்டை. ஒல்லியான கைக்காரர்களுக்கு மணிக்கட்டில் தசைநாண் புடைத்து, பக்கத்தில் பள்ளம் விழும். எதையாவது இறுக்கிப் பிடித்தால் அந்தப் பள்ளம் வழியே தண்ணீர் நுழைந்துவிடும். மெல்லிய லேடெக்ஸோ சிலிக்கோனோ அங்கே நன்றாகப் படியும். நீங்களே மாற்றிக்கொள்ளும்படி வளையத்தில் மாட்டிய சீல் கிடைத்தால் இன்னும் நல்லது. கழுத்து சீல் இறுகினால் அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்து ரத்தக்குழாயை அழுத்தினால் தலை சுற்றும், மயக்கமே வரலாம். கத்தரியால் ஒவ்வொரு வளையமாக வெட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரேயடியாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது.

அளவையும் உள்ளுடையோடு போட்டுத்தான் பார்க்க வேண்டும். குந்தி உட்காருங்கள், கையைப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வைத் தொட முடிகிறதா பாருங்கள். பெரிய சூட்டில் காற்று இங்குமங்கும் ஓடும். கால் மேலே போனால் காற்றெல்லாம் பூட்ஸுக்குள் போய் உங்களைத் தலைகீழாகத் தூக்கிவிடும். மலிவாகக் கிடைப்பது ஆண்களுக்குத் தைத்த சூட்டாக இருந்தால் இந்தக் காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்பேன்.

அளவு சரியாக இருந்தால் ஜிப்பைப் பாருங்கள். பல் விழுந்திருக்கிறதா, பல்லை ஒட்டிய துணி வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். ஜிப் மாற்றும் செலவில் மலிவு காணாமல் போய்விடும். அப்புறம், கழுத்திலும் கைகளிலும் பந்து, பாட்டில் வைத்து அடைத்து, காற்றை நிரப்பி சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. சீல் பிசுபிசுத்தாலோ இழுக்கும்போது கோடு கோடாக வெடித்தாலோ அது முடிந்துபோன சீல். அதை மாற்றிக்கொள்ளலாம், அதற்காகச் சூட்டை ஒதுக்க வேண்டாம். முன்பக்க ஜிப் என்றால் நீங்களே போடலாம், பின்பக்க ஜிப்புக்கு இன்னொருவர் வேண்டும். ஒருமுறை என் முதுகு ஜிப் விரல்நுனி அளவு மூடாமல் இருந்ததைக் கவனிக்காமல் இறங்கி, இடுப்புவரை நனைந்து மேலே வந்தேன். அன்றுமுதல் கடைசிப் பல்வரை தொட்டுப் பார்க்காமல் நான் தண்ணீரில் இறங்குவதில்லை.

உங்கள் கை விறைத்த விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண டிரைசூட் மணிக்கட்டோடு முடிந்துவிடும். உடம்பு சூடாக இருந்தால் கைக்கும் ரத்தம் நன்றாக வரும், ஆனால் அது மட்டும் போதாது. நல்ல 5 மில்லிமீட்டர் கையுறையும் தலையை மூடும் தடித்த ஹுட்டும் கட்டாயம். அதற்கும் விறைத்தால் தண்ணீர் புகாத உலர் கையுறை மாட்டலாம்.

வாங்குவதற்கு முன் டிரைசூட் பயிற்சி ஒன்று எடுங்கள், வாடகை சூட்டிலேயே எடுக்கலாம். மேலே வரும்போது சூட்டுக்குள் காற்று விரியும். இடது கையை உயர்த்தி, சூட்டின் அந்தக் கையில் இருக்கும் வால்வு வழியே அதை விடத் தெரியாவிட்டால் கட்டுப்பாடில்லாமல் மேலே போய்விடுவீர்கள், அது உயிருக்கே ஆபத்து. சைமன்ஸ் டவுன் லாங் பீச்சில் ஆழமில்லாத மணல்தரை இருக்கிறது, பழக ஏற்ற இடம். மூழ்குவதற்குக் கட்டும் ஈய எடையும் கூடுதலாக வேண்டும். சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மட்டும் மிச்சமிருக்கும்போது 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து அந்த எடையை முடிவுசெய்யுங்கள். முதல் ஐந்தாறு டைவுக்குக் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கையும் கவனமும் வால்வுக்கு வேண்டும்.