தனியாகக் கேட்டால் கனம், சேர்த்தால் மெலிவு: உங்கள் டிரம்ஸ் பதிவு பற்றி

ஒவ்வொரு மைக்கையும் தனியாகக் கேட்டால் ஸ்நேர் (அடியில் கம்பிச் சுருள் கொண்ட சின்ன டிரம்) கனமாக இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தால் தகரம் மாதிரி ஒலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிரம்மரைக் குறை சொல்லாதீர்கள். இது ஃபேஸ் சிக்கல்: ஒரே ஒலி வெவ்வேறு மைக்கில் எதிரெதிராகவோ முன்பின்னாகவோ பதிவாகி, சேரும்போது ஒன்றையொன்று குறைத்துவிடுகிறது. ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

முதலில் மிக்ஸை மோனோவுக்கு (இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலிக்கு) மாற்றிவிட்டு, ஸ்நேருக்கு அடியில் வைத்த மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்கீழ் திசையை, திருப்பிப் பாருங்கள். குச்சி விழும்போது டிரம்மின் தோல், மேலே உள்ள மைக்கை விட்டு விலகி, அடி மைக்கை நோக்கி வருகிறது. இரண்டும் எதிரெதிராகப் பதிவாகி ஒன்றையொன்று தின்றுவிடும். எந்த நிலையில் அடிச்சத்தம் கூடுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஓவர்ஹெட்டோடு (டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்குகள்) சேர்த்து இப்படியே சோதியுங்கள்.

அப்படியும் மெலிந்தே இருந்தால் தூரம்தான் காரணம். ஒலி 1 மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும்; அதனால் தள்ளியிருக்கும் மைக்குக்கு அதே அடி தாமதமாக வந்து சேரும். மறுபடி டேக் எடுப்பதாக (வாசித்துப் பதிவு செய்வதாக) இருந்தால், ஸ்நேரின் நடுவிலிருந்து இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் ஒரு கேபிளை இழுத்துப் பிடித்து அளந்து, தூரத்தைச் சமமாக்குங்கள். சின்ன வேலைதான், அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எடுத்த டேக்கையே காப்பாற்ற வேண்டுமென்றால், ஸ்நேர் அடியின் முதல் முனை ஸ்நேர் மைக்கின் டிராக்கோடு பொருந்தும்வரை இரண்டு ஓவர்ஹெட் டிராக்கையும் சேர்த்தே நேரத்தில் முன்னால் நகர்த்தலாம். ஆனால் அறையின் ஒலியைப் பிடிக்கத் தள்ளி வைத்த ரூம் மைக்கின் டிராக்கை நகர்த்தவே நகர்த்தாதீர்கள். அறையின் ஆழம் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.