சிறுதொழிலும் லயபிலிட்டி பாலிசியும்: கேள்வி-பதில்

கேள்வி: கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். மண்டபத்தில் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி கேட்கிறார்கள். ஃபயர் பாலிசி வைத்திருக்கிறேன். அது போதாதா? (திருச்சி)

பதில்: போதாது. ஃபயர் பாலிசி உங்கள் அண்டா குண்டாவுக்கு. சாப்பிட்டவருக்கு வாந்தி பேதி வந்து நஷ்டஈடு கேட்டால் அதிலிருந்து பைசா பெயராது. உங்கள் தொழிலால் வெளியாட்களுக்கு நேரும் கேட்டுக்கு நஷ்டஈடு தரும் பப்ளிக் லயபிலிட்டி பாலிசியை, தொழிற்சாலை அல்லாத தொழில்களுக்கானதாகப் பார்த்து எடுங்கள். உணவால் வரும் கேடு அதில் தானாகச் சேராது, கேட்டுச் சேர்க்க வேண்டும். ஷெட்யூலில் (பாலிசியின் விவரப் பக்கத்தில்) உங்கள் சமையல்கூட முகவரி மட்டும் இருந்தால் மண்டபத்தில் நடந்ததற்குக் கம்பெனி கைவிரிக்கும். 'பரிமாறும் இடங்கள் அனைத்தும்' என்று எழுதி வாங்குங்கள். விபத்துக்கு 10 லட்சம், வருடத்துக்கு 40 லட்சம் என்று விற்பார்கள். ஒரே பந்தியில் 200 பேர் படுத்தாலும் அது ஒரு விபத்துதான். ஆகவே முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: செல்போன் சர்வீஸ் கடை. ரிப்பேருக்கு வந்த போன்கள் திருடு போனால் பப்ளிக் லயபிலிட்டியில் கிடைக்குமா? (சேலம்)

பதில்: கிடைக்காது. உங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் பொருள் அதில் விலக்கு. திருட்டு பாலிசியில் 'பிறர் ஒப்படைத்த பொருளும் உட்பட' என்று சேருங்கள்.

கேள்வி: இண்டெம்னிட்டி பாலிசி போட எவ்வளவு ஆகும்? உடனே பதில் தேவை. (ஊர் இல்லை)

பதில்: தொழில்முறைத் தவறால் வாடிக்கையாளருக்கு வரும் நஷ்டத்துக்கான பாலிசி இது. நீங்கள் டாக்டரா, ஆர்க்கிடெக்டா, ஆடிட்டரா? வருமானம் எவ்வளவு, எந்தத் தொகைக்கு, முன்பு கிளெய்ம் உண்டா? எதுவும் எழுதாமல் விலை கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: ஃபேப்ரிகேஷன் பட்டறை. என் ஆட்கள் 4 பேர், கான்ட்ராக்டர் ஆட்கள் 4 பேர். ஏஜென்ட் 4 பேருக்கு மட்டும், தலைக்கு 8,000 சம்பளம் என்று போட்டு டபிள்யூ.சி. பாலிசி (வேலையில் அடிபடும் தொழிலாளிக்கான இழப்பீட்டுப் பாலிசி) வாங்கித் தந்தார். உண்மைச் சம்பளம் 18,000. பிரீமியம் மிச்சம் என்கிறார். சரிதானே? (கோவை)

பதில்: இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, நானும் மாதம் தவறாமல் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். மிச்சமானது வருடத்துக்குச் சில ஆயிரம். போவது என்ன என்று பாருங்கள்.

30 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால் இழப்பீடு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வரும் தொகை. 30 வயதுக்குக் காரணி 208 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 2020 முதல் 15,000 வரை. 7,500-ஐ 208-ஆல் பெருக்கினால் சுமார் 15.6 லட்சம். நீங்கள் காட்டிய 8,000-க்கு 8.3 லட்சம்தான் வரும். இழப்பீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரி உண்மைச் சம்பளத்தைப் பார்ப்பார், இன்சூரன்ஸ் கம்பெனி நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்க்கும். நடுவில் உள்ள 7 லட்சத்துச் சொச்சம் உங்கள் தலையில். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாத தாமதம் என்றால் 50 சதவீதம் வரை அபராதம். அபராதத்தை எந்தப் பாலிசியும் தராது.

கான்ட்ராக்டர் ஆள் என்றாலும் உங்கள் வேலையில் அடிபட்டால் முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு அவரைத் துரத்தலாம், அவர் கிடைத்தால். அந்த 4 பேரையும் உங்கள் பாலிசியில் காட்டுங்கள். வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டுவாடா ரசீதும் பாலிசியோடு ஒத்துப்போக வேண்டும், கிளெய்மைச் சரிபார்க்க வரும் சர்வேயர் முதலில் கேட்பது அவற்றைத்தான். மருத்துவச் செலவும் தொழில் நோயும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியவை.

10 பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. வரும். அதில் வரும் 21,000 வரையிலான சம்பளக்காரர்களுக்கு டபிள்யூ.சி. வேண்டாம், அதற்கு மேல் வாங்கும் ஃபோர்மேனுக்கு வேண்டும். ப்ரொபோசல் ஃபாரத்தை (பாலிசி கேட்கும் விண்ணப்பத்தை) ஏஜென்ட் நிரப்ப, நீங்கள் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கையெழுத்து உங்களுடையது, பொய்யும் உங்களுடையதாகத்தான் எண்ணப்படும்.

கேள்வி: ஆடிட்டர். ஜூனில் முடிந்த இண்டெம்னிட்டி பாலிசியை ஆகஸ்டில் புதுப்பித்தேன். 3 வருடத்துக்கு முன் செய்த வேலைக்கு இப்போது நோட்டீஸ். (மதுரை)

பதில்: ஷெட்யூலில் 'ரெட்ரோஆக்டிவ் டேட்' என்ன என்று பாருங்கள். கோரிக்கை பாலிசி காலத்தில் வர வேண்டும், தவறும் அந்தத் தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். இடைவெளி விழுந்ததால் தேதி ஆகஸ்டுக்கு நகர்ந்திருந்தால் பழைய வேலை எல்லாம் அம்போ. எப்படியானாலும் நோட்டீஸ் நகலை இன்றே கம்பெனிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: குழந்தைகள் உடை ஏற்றுமதி. அமெரிக்க பையர் ப்ராடக்ட் லயபிலிட்டி கேட்கிறார். உள்ளூர் பாலிசி போதுமா? (திருப்பூர்)

பதில்: ப்ராடக்ட் லயபிலிட்டி என்பது நீங்கள் விற்ற பொருளால் பிறருக்கு நேரும் கேட்டுக்கான பாலிசி. அது எந்த நாடுகளில் செல்லும் என்று சொல்லும் இடத்தில் 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்று இருந்தால் அது அவருக்கு வெறும் காகிதம். அந்த நாடுகளைச் சேர்த்தால் பிரீமியம் கணிசமாக ஏறும், அதை ஆர்டர் விலையிலேயே ஏற்றிவிடுங்கள். சரக்கைத் திரும்பப் பெறும் செலவு இதில் வராது. பையர் பெயரையும் சேர்க்கச் சொன்னால் கம்பெனியிடம் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த மாற்றத்துக்கான எழுத்துச் சான்று) வாங்கித் தாருங்கள், ஏஜென்டின் வாட்ஸ்ஆப் 'ஓகே' செல்லாது.

கேள்வி: கடையில் வழுக்கி விழுந்தவருக்கு 40,000 கொடுத்து, 'என் தவறுதான்' என்று கடிதமும் கொடுத்தேன். கிளெய்ம் மறுக்கிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: மறுக்கத்தான் செய்வார்கள். கம்பெனி சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசி நிபந்தனை. முதலுதவி செய்யுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், கடிதம் மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: கிளெய்ம் மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா? (ஈரோடு)

பதில்: முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். தனிநபர் உரிமைக் கடைகளும் குறுநிறுவனங்களும் போகலாம், உத்யம் சான்றை (சிறுதொழில் பதிவுச் சான்றை) இணையுங்கள். 50 லட்சம் வரை, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள்.