வீட்டிலேயே புகைப்படம் அச்சிட எந்தப் பிரிண்டர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகன் குடும்பத்தோடு வெளியூரில் இருக்கிறான். பேத்தியின் படங்கள் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை அவ்வப்போது அச்சிட்டு ஆல்பத்தில் வைக்க ஆசை. என்னுடன் இருக்கும் மகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வேலைக்கும் பிரிண்டர் தேவைப்படுகிறது. 15,000 ரூபாய்க்குள் படம் நன்றாக வரும் பிரிண்டர் கிடைக்குமா? டவுன்ஹால் ரோட்டில் விசாரித்தால் கடைக்குக் கடை வேறு பெயர் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: கிடைக்கும். ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், மாதத்திற்கு எத்தனை படம் அச்சிடப் போகிறீர்கள் என்பதை யோசியுங்கள். சித்திரைத் திருவிழா முடிந்ததும் கொஞ்சம், வீட்டில் ஒரு காதுகுத்து வந்தால் கொஞ்சம் என்ற அளவில்தான் தேவை என்றால், பிரிண்டரே வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கலர் லேபில் ஒளி பட்டு வேதிக்கரைசலில் உருவாகும் தாளில் படம் போட்டுத் தருகிறார்கள். ஆல்பத்திற்குள் பத்திரமாக இருந்தால் அது பல பத்தாண்டுகள் நிற்கும். அந்தத் தரத்தை அந்த விலைக்கு வீட்டுப் பிரிண்டரில் கொண்டுவருவது கடினம்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூட வேலையும் இருப்பதால் பிரிண்டர் வாரந்தோறும் ஓடும். ஆகவே நீங்கள் வாங்குவது நியாயமானதே. குறைந்த விலைக்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் இருக்கும் மை சில மில்லிலிட்டர்தான். பெரும்பாலானவற்றில் மூன்று வண்ணமும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருப்பதால், ஒரு வண்ணம் தீர்ந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். தாள் முழுவதும் வண்ணம் நிரம்பிய புகைப்படங்களுக்கு அது எந்த வகையிலும் கட்டுப்படியாகாது.

பாட்டிலில் மை வாங்கி ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டரைத்தான் பார்க்க வேண்டும். எப்சன், கேனான், எச்பி, பிரதர் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஸ்கேனரோடு கூடிய நான்கு வண்ண டேங்க் பிரிண்டர்களை விற்கின்றன. உங்கள் தொகைக்குள் அடங்குபவை அவைதாம். இவற்றில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. சில மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க்காக, அதாவது நிறத்துகள்கள் மிதக்கும் மையாக இருக்கும். சாதாரணத் தாளில் எழுத்துகள் பளிச்சென்று விழ அது நல்லது. ஆனால் வழவழப்பான போட்டோ பேப்பரில் அந்த மை சரியாகப் படியாது என்பதால், படம் அச்சிடும்போது அந்தப் பிரிண்டர்கள் மற்ற மூன்று வண்ணங்களையும் கலந்துதான் கறுப்பை உருவாக்குகின்றன. குழந்தையின் தலைமுடி அடர்ந்த கறுப்பாக வராமல் சற்றே பழுப்படித்துத் தெரிவதற்கு இதுவே காரணம். நான்கு மையும் டை இங்க்தானா, அதாவது சாயம் முழுதாகக் கரைந்த மைதானா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியுமானால் ஆறு வண்ணப் பிரிண்டர்கள் இருக்கின்றன. எப்சன் எல்8050 மாடலில் வழக்கமான நான்கோடு வெளிர்நீலம், வெளிர்சிவப்பு என இரண்டு மைகள் கூடுதலாக உண்டு; கேனான் ஜி570 மாடலில் கூடுதலாக இருப்பவை சிவப்பும் சாம்பலும். நான்கு வண்ணப் பிரிண்டர் பேத்தியின் கன்னத்தில் உள்ள இளஞ்சிவப்பை, அடர்சிவப்புப் புள்ளிகளை விலக்கி விலக்கி வைத்துத்தான் காட்ட முடியும். உற்றுப் பார்த்தால் அந்த இடம் மணல் தூவியது போலத் தெரியும். வெளிர் மை இருந்தால் புள்ளிகள் நெருங்கி விழுவதால் தோல் வழுவழுவென்று வரும். ஆயினும் இந்த இரண்டு மாடல்களிலும் ஸ்கேனர் கிடையாது. விலையும் 15,000 ரூபாயைத் தாண்டிவிடும். உங்கள் தேவைக்கு நான்கு வண்ணமே போதும் என்பது என் கருத்து. மிஞ்சும் பணத்தை நல்ல தாளுக்குச் செலவிடுங்கள்.

வாங்கும் முன் பேத்தியின் படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், போட்டோ பேப்பரில் அச்சிட்டுக் காட்டும்படி கேளுங்கள். கடையில் இருக்கும் மாதிரிப் படங்களில் பூவும் பழமுமாக அழுத்தமான நிறங்களே இருக்கும். அவை எந்தப் பிரிண்டரிலும் அழகாகத்தான் வரும். தோல், தலைமுடி, வெள்ளைச் சட்டையின் மடிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். தரம் அங்கேதான் தெரியும்.

கேள்வி: கள்ளழகர் ஆற்றில் இறங்கியபோது நானே எடுத்த படத்தை வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரில் அச்சிட்டேன். திரையில் பச்சைப்பட்டு மின்னுகிறது. தாளில் மங்கிக் கிடக்கிறது. தங்கக் குதிரையும் பழுப்பாகிவிட்டது. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: மாற்ற வேண்டாம். முதலில் தாளைப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் மையை உள்ளே உறிஞ்சிக்கொள்வதால் எந்த நிறமும் அடங்கித்தான் தெரியும். போட்டோ பேப்பரின் மேற்பூச்சு மையை மேற்பரப்பிலேயே நிறுத்துகிறது. அதிலும் 180 ஜிஎஸ்எம் என்று விலை மலிவாக வரும் தாளுக்கும், பிளாஸ்டிக் பூச்சுள்ள 240 அல்லது 270 ஜிஎஸ்எம் தாளுக்கும் உள்ள வேறுபாடு கையில் எடுத்ததுமே புரியும். பளபளப்பான பக்கம்தான் அச்சிடும் பக்கம்.

நல்ல தாளை வைத்துவிட்டு, அச்சிடும்போது வரும் அமைப்பில் 'பிளெயின் பேப்பர்' என்றே விட்டுவிடுவது மிகப் பரவலாக நடக்கும் தவறு. எவ்வளவு மை, எந்த விகிதத்தில் விழ வேண்டும் என்பதைப் பிரிண்டர் அந்த அமைப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. 'கிளாஸி போட்டோ பேப்பர்' என்பதையும் உயர்தரத்தையும் தேர்ந்தெடுத்து, அதே படத்தை மறுபடியும் போட்டுப் பாருங்கள். குதிரையின் பொன்னிறத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

பச்சைப்பட்டின் கதை வேறு. திரை தானே ஒளி விடுகிறது. தாள் தன்மீது விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. மிக அழுத்தமான பச்சையைத் திரையில் காட்டும் அளவுக்கு மையால் காட்ட இயலாது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அச்சிட்ட படத்தை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதன் பிறகும் மங்கலாகத் தெரிந்தால், படத்தின் பிரகாசத்தைச் சிறிது கூட்டிவிட்டு அச்சிடுங்கள்.

அந்தப் படம் உங்கள் கேமராவிலிருந்து நேராக வந்ததா, வாட்ஸ்அப் வழியாகச் சுற்றி வந்ததா என்பதையும் கவனியுங்கள். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 4×6 அங்குலப் படத்திற்கு 1200×1800 பிக்சல் வேண்டும். ஏ4 அளவுக்கு ஏறத்தாழ 2480×3508. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுவதால் சிறிய அளவுக்குச் சமாளிக்கும், ஏ4-க்குத் தாங்காது. அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும். பிரிண்டரின் பெட்டி மேல் 5760 டிபிஐ என்று போட்டிருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது மைத்துளிகளை எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியும் என்பதைச் சொல்லும் எண். படத்தில் இல்லாத விவரத்தை எந்தப் பிரிண்டராலும் சேர்க்க முடியாது.

கேள்வி: எங்கள் கடையில் கலர் லேசர் பிரிண்டர் இருக்கிறது. அதிலேயே போட்டோ பேப்பரை வைத்து அச்சிடலாமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: கூடவே கூடாது. லேசர் பிரிண்டர் டோனர் பொடியைக் கடும் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகிறது. மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டருக்கான போட்டோ பேப்பரின் பூச்சு அந்தச் சூட்டில் இளகி உருளையில் ஒட்டிக்கொண்டால் செலவு பெரிதாகிவிடும். லேசருக்கென்றே விற்கும் தாளில் நோட்டீஸ், அழைப்பிதழ் நன்றாக வரும். முகங்கள் வருவதில்லை.

கேள்வி: ஊரில் பிள்ளைகள் பள்ளி, கல்லூரி விண்ணப்பத்திற்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தே அச்சிட்டுக் கொடுக்கச் சிறிய பிரிண்டர் உண்டா?
– ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: கேனான் செல்ஃபி சிபி1500 உங்களுக்குப் பொருந்தும். இதில் மையே கிடையாது. நாடாவில் உள்ள சாயம் சூட்டில் ஆவியாகித் தாளில் இறங்குகிறது. மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் ஒரு பாதுகாப்புப் பூச்சு என்று தாள் நான்கு முறை உள்ளே போய் வரும். ஒரு நிமிடத்திற்குள் ஈரமில்லாத படம் கையில் கிடைக்கும். மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் அடைத்துக்கொள்ள இதில் எதுவுமில்லை. தாளும் நாடாவும் சேர்ந்த தொகுப்பாகவே வாங்க வேண்டும் என்பதால் ஒரு படத்திற்கு என்ன செலவு என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். ஆனால் அது இங்க் டேங்கைவிட அதிகம். அஞ்சலட்டை அளவுக்கு மேல் அச்சிடவும் இயலாது. 35×45 மில்லிமீட்டர் படங்கள் அந்தத் தாளில் எட்டு அடங்கும். விண்ணப்பத்திற்கு விண்ணப்பம் அளவு மாறலாம் என்பதால் படிவத்தில் கேட்டிருக்கும் அளவைப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

கேள்வி: தீபாவளிக்குப் பிறகு எங்கள் இங்க் டேங்க் பிரிண்டரைத் தொடவே இல்லை. இப்போது படத்தில் கோடு கோடாக வெள்ளை விழுகிறது.
– ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: மை வெளிவரும் நுண்ணிய துளைகளில் காய்ந்துவிட்டது. நம் பக்கத்து வெயிலில் இது விரைவாகவே நடக்கும். முதலில் 'நாசில் செக்' என்பதை அச்சிட்டு எந்த வண்ணத்தில் கோடு அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு 'ஹெட் கிளீனிங்' ஒரு முறை, மறுபடியும் நாசில் செக். இரண்டு மூன்று முறைக்குள் சரியாகாவிட்டால் நிறுத்திக்கொண்டு ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மை ஊறி மறுநாள் திறந்துகொள்வதும் உண்டு. அடுத்தடுத்து கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருந்தால் அத்தனை மையும் உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். அது நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்ததும் பிரிண்டர் நின்றுவிடும். மறுநாளும் திறக்காவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

சரியான பிறகு, வாரத்திற்கு ஒரு முறையாவது எல்லா வண்ணமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை நேராக அணைக்காமல் பிரிண்டரின் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். அப்போதுதான் மைத்தலை தன் இடத்திற்குப் போய் மூடிக்கொள்ளும். வேலைக்கு நடுவில் மின்சாரம் போய்விட்டால், வந்தவுடன் ஒரு முறை போட்டு முறைப்படி அணைத்துவிடுங்கள்.