சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுமா? அது வெறும் சிக்கனத் திருமணம்தானா?

செல்லும். தமிழ்நாட்டில் முழுமையாகச் செல்லும். அக்னி வளர்க்காமல், மந்திரம் ஓதாமல் நடத்தினால் கோர்ட்டில் நிற்காது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. அதனால் கோபப்படாமல், நடுவில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியார் 1925-ல் காங்கிரஸை விட்டு வெளியேறி முழு மூச்சாகச் சுயமரியாதை இயக்கத்தில் இறங்கினார். மேடையில் சாதி ஒழிய வேண்டும் என்று பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்? இயக்கம் கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததற்குக் காரணம் இதுதான். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற ஊரில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணத்தைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு. சாதிப் பட்டங்களை விட வேண்டும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம், ஒத்துவராத திருமணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானம் போட்டார்கள். அதே 1929-ல் ஈரோட்டில் இயக்கத்தைச் சேர்ந்த குஞ்சிதமும் குத்தூசி குருசாமியும் சாதி கடந்து மணம் செய்துகொண்டார்கள்.

அப்புறம்தான் சிக்கல். 1953-ல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், சடங்குகள் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் மனைவி மனைவி இல்லை, பிள்ளைகள் முறையான வாரிசுகள் இல்லை. கணவர் இறந்துவிட்டால் பங்காளிகள் வந்து சொத்துக்கு வழக்குப் போடலாம். அது தெரிந்தும் ஊர் ஊராக மக்கள் இப்படியே மணம் செய்துகொண்டார்கள். அந்தத் தலைமுறைப் பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழ்ந்துவிடும். மேடையில் பேசியவர்களை விட அதிகம் பணயம் வைத்தவர்கள் அவர்கள்தான்.

1967-ல் அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்ற பெயர்களே அந்தப் பிரிவில் இருக்கின்றன. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் 'இவரை என் துணையாக ஏற்கிறேன்' என்று இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். இல்லையென்றால் மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும், தாலி கட்டாயமில்லை. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்று சேர்த்ததுதான் பெரிய விஷயம். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் சட்டப்படி வாரிசுகள் ஆனார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, இது வெறும் சிக்கனத் திருமணம்தானா என்பது. கடன் வாங்கி ஆடம்பரக் கல்யாணம் செய்வதைப் பெரியார் கடுமையாகக் கண்டித்தவர்தான். ஆனால் செலவைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் அதற்கு ஓர் இயக்கம் தேவையில்லை. எங்கள் திருமணம் இந்த முறையில் நடந்தது. இருவரும் வேறு வேறு சாதி. ஐயர் வேண்டாம் என்றதற்கு வீட்டில் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. சண்டை வந்தது பத்திரிகை அடிக்கும்போது. அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும் பெரியப்பா பேனாவை எடுத்து, தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை எழுதினார். "அது அவர் பேருடா, நீங்க யாரு எடுக்கறதுக்கு?" என்று அப்பாவிடம் சத்தம் போட்டார். பதில் சொன்னது அம்மாதான். "மாமா, இத்தனை வருஷமா பத்திரிகையில என் பேரே இல்ல. அதை யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, பட்டத்தை அடித்து, அப்பா பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். பெரியப்பா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், புரோகிதரை நீக்குவது எளிய பாதி. இன்று தலைவர்கள் தலைமையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களிலும் எத்தனையோ ஒரே சாதிக்குள் பேசி முடித்தவை. சாதி பார்த்து வரன் தேடிவிட்டு மந்திரத்தை மட்டும் விட்டால் பெரியார் கேட்டது நடந்ததாக நான் நினைக்கவில்லை. பெரியாரே 1927 முடிவில் தன் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை எடுத்தவர்.

சாதி மாறிக் காதலிப்பவர்களுக்கு ஒன்று. வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடந்த திருமணம் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது சரியில்லை, 7-ஏ திருமணத்துக்கு ஊரறிய விழா எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் ஜோடிகளுக்கு இது உயிர் காக்கும் தீர்ப்பு.

இந்தப் பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையேயான திருமணத்துக்கு மட்டும்தான். மதம் வேறு என்றால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் போக வேண்டும், அதற்கு 30 நாள் நோட்டீஸ் உண்டு. நீங்கள் 7-ஏ முறையில் செய்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். உறுதிமொழி வாசிக்கும்போதும் மாலை மாற்றும்போதும் எடுத்த போட்டோ, பத்திரிகை, வயது மற்றும் முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் தயாராக இருக்கட்டும். கோயில் ரசீது எங்கே என்று யாராவது கேட்டால், 7-ஏ பிரிவின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருந்து காட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், அன்றைக்கே பதிவு முடிந்தது.