இன்ஜின் அப்புறம், பின் அச்சு முதலில்: டிராக் கார் கேள்வி பதில்

பத்மினி, ஜிப்சி, அம்பாசிடர் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் கார்களை 402 மீட்டர் (கால் மைல்) நேர்கோட்டு டிராக் ரேஸ் ஓட்டத்துக்குத் தயார் செய்கிற புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து நண்பர்களின் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

முத்தியால்பேட்டை: அண்ணா, பத்மினியில் கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. ஷாக் மாற்றியும் நிற்கவில்லை. ஸ்பிரிங் பட்டை (லீஃப்) ஒன்று கூடுதலாகப் போடலாமா?

போடாதீங்க. சக்கரம் முன்னால் சுழலும்போது ஹவுசிங் (பின் அச்சின் கூடு) எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், பினியன் மூக்கு (கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் முன்முனை) மேலே தூக்கும். அந்த முறுக்கில் பட்டையின் முன்பாதி வளைந்து, தாங்க முடியாமல் திரும்ப உதறுகிறது. உதறும்போது டயர் தரையை விடுகிறது, அடுத்த நொடி மறுபடி பிடிக்கிறது. நீங்கள் கேட்கிற தடதட அதுதான். ஷாக்கால் இதை நிறுத்த முடியாது. பட்டை கூட்டினால் பின்பக்கம் முழுவதும் விறைக்குமே தவிர முறுக்கு முழுசாக அடங்காது.

பட்டையின் முன்கண்ணில் (முன்முனை வளையத்தில்) புது புஷ் போடுங்கள். அச்சுக்கு முன்னால் இருக்கும் பாதியில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டும் கிளிப்புகளை இறுக்கி, பின்பாதிக் கிளிப்புகளைத் தளர்த்தி விடுங்கள். முன்பாதி முறுக்கைத் தாங்கும், பின்பாதி ஸ்பிரிங் வேலையைப் பார்க்கும். அப்புறம் டிராக்‌ஷன் பார். அச்சிலிருந்து பட்டைக்கு அடியில் முன்னோக்கிப் போகும் கம்பி இது. அதன் முனையிலுள்ள ரப்பர் முட்டு நேராக முன்கண்ணுக்கு அடியில் வர வேண்டும். பட்டையின் நடுவில் முட்டினால் பட்டையே வளையும். நிறையப் பேர் நீளம் குறைந்த பாரை வாங்கி மாட்டிவிட்டு இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கடலூர் ஓ.டி.: பினியன் கோணம் எத்தனை டிகிரி வைப்பது சார்?

வண்டி நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், டிரைவர் எடை சீட்டில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு எடுக்கிற அளவு உதவாது. புரொப்பல்லர் ஷாஃப்டை வைத்து அளந்தால் பினியன் மூக்கு கீழ்நோக்கி இருக்கணும்: வெறும் பட்டை ஸ்பிரிங்குக்கு 5 முதல் 7 டிகிரி, நல்ல டிராக்‌ஷன் பார் இருந்தால் 3, 4 போதும், ஃபோர் லிங்க்குக்கு (நான்கு பார் அச்சைப் பிடிக்கும் அமைப்பு) 1 முதல் 2. முழு இழுப்பில் மூக்கு எழும்பி ஷாஃப்டோடு ஒரே கோட்டுக்கு வர வேண்டும், அதற்குத்தான் இந்த இறக்கம்.

கோணம் திருத்தப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு வைப்பதென்றால் இரும்பு ஆப்பு. அலுமினியம் நசுங்கும், நசுங்கினால் அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் தளரும், சென்டர் போல்ட் அறுந்து அச்சே நகரும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, அது ஏற்கெனவே நீண்டிருக்கும்.

லாஸ்பேட்டை: வலது டயர் மட்டும் புகைகிறது, இடது சும்மா இருக்கிறது. ஏன்?

ஷாஃப்டின் முறுக்கு ஹவுசிங்கைப் பக்கவாட்டிலும் சாய்க்கிறது. அதில் வலது டயரின் பாரம் குறைகிறது. ஓப்பன் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரிக்கும், பூட்டாத பல்சக்கரத் தொகுதி), லேசாக நிற்கிற டயருக்கே ஓட்டத்தை விட்டுவிடும். வலது டிராக்‌ஷன் பாரின் முட்டு தொட்டபடி இருக்கட்டும், இடதில் 10 மி.மீ. அளவுக்கு இடைவெளி விடுங்கள். காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் வலது காயிலுக்குள் ஏர்பேக் வைத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம்.

வில்லியனூர்: டிஃபரன்ஷியலை வெல்டு வைத்துப் பூட்டினேன். மூன்றாவது ஓட்டத்தில் ஆக்ஸில் போய்விட்டது.

போகும். முன்பு சுழன்று வீணான முறுக்கு இப்போது இரண்டு ஆக்ஸிலுக்கும் முழுசாகப் போகிறது. உடைந்த ஆக்ஸிலோடு அடுத்த பக்கத்து ஆக்ஸிலையும் கழற்றிப் பாருங்கள். பல்வரிகள் நேராக இல்லாமல் கயிற்றுப் புரி மாதிரி சாய்ந்திருந்தால் அதுவும் முடிந்தது, மாற்றிவிடுங்கள். புது ஆக்ஸிலில் நீளவாக்கில் ஒரு பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். கோடு திருகியிருந்தால் உடைவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வெல்டு வைத்த கியர் சில்லாகச் சிதறினால் கிரவுன் பினியனும் (ஷாஃப்டின் சுழற்சியை ஆக்ஸிலுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) சேர்ந்து போகும். ஸ்பூல் (இரண்டு ஆக்ஸிலையும் ஒன்றாகப் பூட்டும் ஒரே துண்டு) அதைவிட நல்லது, ஆனால் பந்தயத் தடத்துக்கு மட்டும். அதோடு முன் கிராஸுக்கு (ஷாஃப்டின் முன் மூட்டு) பின்னால் 150 மி.மீ.க்குள் ஷாஃப்டைச் சுற்றி ஒரு வளையம் கட்டாயம் போடுங்கள். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி சொல்வது கால் அங்குலத் தடிமன், இரண்டு அங்குல அகல இரும்புப் பட்டை. கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் வண்டியே எகிறும்.

நெய்வேலி: ஃபோர் லிங்க் போடப் போகிறேன். பிராக்கெட்டை உள்ளூர் பட்டறையிலேயே வெல்டு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், அவசரப்படக் கூடாது. வெல்டு விழுகிற பக்கமாக ஹவுசிங் குழாயின் நுனி இழுத்துக்கொள்ளும். 25 மி.மீ. துண்டு துண்டாக, இடமும் வலமும் மாற்றி மாற்றி வையுங்கள். கை வைக்கிற சூடு வந்த பிறகுதான் அடுத்த துண்டு. முடிந்ததும் பேரிங் இடங்கள் வழியாக நேரான கம்பி விட்டுப் பார்க்கணும். வளைந்த ஹவுசிங்கில் ஆக்ஸில் பேரிங்கைத் தின்னும்.

பக்கவாட்டில் பார்த்து மேல் பாரையும் கீழ் பாரையும் முன்னால் நீட்டிக் கோடு போடுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது. புள்ளி உயரமாகவும் பின்சக்கரத்துக்குக் கிட்டவும் இருந்தால் டயரை ஓங்கி அடிக்கும். தாழ்வாகவும் தூரமாகவும் போனால் அடி மெதுவாக விழும். பார் மாட்டும் பிராக்கெட்டில் ஒரு தடவைக்கு ஒரே ஓட்டை மாற்றுங்கள், ஷாக்கைத் தொடாதீங்க. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ராட் எண்டின் (பார் முனையிலுள்ள மூட்டு) மரை, அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்கட்டும். முக்கால் அங்குலம் என்றால் 29 மி.மீ. அச்சு பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பியும் வேண்டும்.

பாகூர்: ஈசிஆரில் இரவில் ஓட்டிப் பார்த்து செட்டிங் செய்யலாமா?

கூடாது. ஸ்பூல் போட்ட கார் ஈரச் சாலையில் திருப்பத்தில் நேராகப் போகும், எதிரே வருபவர் என்ன செய்வார்? இப்படி மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கும் எதிரானது. டிரெய்லரில் ஏற்றி, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பண்ருட்டி: கிரவுன் பினியன் விகிதம் எப்படிக் கணக்கிடுவது?

கோட்டைத் தாண்டும்போது இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் இருக்கணும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆர்பிஎம் × டயர் விட்டம் மீட்டரில் × 0.1885, அதைக் கி.மீ. வேகத்தால் வகுங்கள். 6000 ஆர்பிஎம், 0.60 மீட்டர் டயர், 150 கி.மீ. வேகம் என்றால் 4.52 வரும். கடைசி கியர் 1:1 ஆக இருந்தால்தான் இந்தக் கணக்கு. டயரை உயரமாக மாற்றினால் மறுபடி போட வேண்டும்.

வீராம்பட்டினம்: கடல் பக்கத்து வீடு. வேறு என்ன கவனிக்கணும்?

உப்புக்காற்று முதலில் பிடிப்பது ராட் எண்டையும் பட்டை இடுக்குகளையும்தான். ராட் எண்டுக்கு ரப்பர் உறை போடுங்கள். பட்டைக் கட்டை வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, இடுக்குத் துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள். யூ போல்ட்டுகளை ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள், புதிதாகப் போட்டவை என்றால் முதல் ஓட்டம் முடிந்த கையோடு.