ஒரு வாரக் கென்யா சஃபாரியில் எத்தனை பூங்காக்கள் பார்க்கலாம்?

கேள்வி: அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் கென்யா சஃபாரி போக ஆசை. எத்தனை தேசியப் பூங்காக்களைப் பார்க்க முடியும்? எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்?

இரண்டு போதும். அம்போசெலியில் மூன்று இரவு, மாசாய் மாராவில் மூன்று இரவு. அம்மாவுக்கு நீண்ட கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் மாராவையும் விட்டுவிடுங்கள், அம்போசெலியிலேயே தங்கிவிடுங்கள். நான் இரண்டு முறை போய்வந்தவன். முதல் முறை போனது தப்பான முறையில். அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

2018 ஆகஸ்டில் நண்பர்கள் நான்கு பேர் போனோம். ஏற்பாடு செய்துகொடுத்த டிராவல்ஸ்காரர் ஆறு நாளில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா என்று நான்கு இடங்களை அடுக்கிக் கொடுத்தார். காகிதத்தில் பார்க்க நிறைவாக இருந்தது. போனபிறகுதான் தெரிந்தது, பாதை நைரோபி வழியாகத்தான் போகிறது. அம்போசெலியிலிருந்து கிளம்பினால் நைரோபி நெரிசலைத் தாண்டித்தான் நைவாஷா. அங்கே ஒரு ராத்திரி, பெட்டியைக் கட்டு, அடுத்த ஊர். அம்போசெலியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மாலை, மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம். கிளிமஞ்சாரோ கண்ணிலேயே படவில்லை. வெயில் ஏற ஏற மேகம் வந்து மூடிக்கொள்ளும் மலை அது. விடியற்காலையில் காத்திருந்தால்தான் காட்டும்.

மாராவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மதியத்துக்கு முன்னால் வண்டியின் ரேடியோவில் "டூமா, டூமா" என்று சத்தம். சுவாஹிலியில் டூமா என்றால் சீட்டா, நம் சிவிங்கிப்புலி. டிரைவர் வண்டியை விரட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வண்டிகள். ஐந்தே நிமிடத்தில் இருபதுக்கு மேல். நடுவில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி, பக்கத்தில் புல்லுக்குள் இரண்டு குட்டிகள். எதிரே தாம்சன் மான் கூட்டம். தாய் தலையைத் தாழ்த்தி நான்கு அடி வைக்கும், ஒரு வண்டி நல்ல படத்துக்காக முன்னால் நகரும், அது நின்றுவிடும். இப்படி மூன்று தடவை. கடைசியில் மான்கள் கலைந்து போய்விட்டன. அது படுத்துக்கொண்டது. வயிறு ஒட்டிக் கிடந்தது அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. எங்கள் வண்டியும் அந்த இருபதில் ஒன்று என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதால்தான் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. நாம் வண்டியில் சுற்றுவதும் அதே பகலில்தான். மாராவில் நடத்தி அதே 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பிற்பாடு படித்தேன். சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் நெரியும் பகுதியில் அது 0.2. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் மாராவில் விதி இருக்கிறது. ஆனால் வண்டிக்குள் இருக்கும் நாம் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்றால் டிரைவர் என்ன செய்வார்? டிப்ஸ் நம் கையில் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்ற அவசரம் அவருக்கும் இருக்கிறது. நாள் கணக்கைக் கூட்டினாலே இந்த அவசரம் பாதி குறைந்துவிடும்.

மாரா போவதாக இருந்தால் ஒரு விஷயம். அது தேசியப் பூங்கா அல்ல. நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கும் காப்பகம். பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் கென்ய வனவிலங்குத் துறையின் கட்டணம் அங்கே செல்லாது. 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜூலை முதல் அக்டோபர் வரையில்தான் போயாக வேண்டும். காப்பகத்தை ஒட்டி மாசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் நபோய்ஷோ மாதிரியான கன்சர்வன்சிகள் இருக்கின்றன. அங்கே தங்குபவர்களின் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, அதனால் கூட்டம் இல்லை, குத்தகைப் பணம் மாசாய் குடும்பங்களுக்கே போகிறது. செலவு கூடுதல்தான். மூன்று இரவில் ஓர் இரவாவது அங்கே தங்கப் பாருங்கள்.

இனி அம்போசெலி. 2023 பிப்ரவரியில் அம்மாவோடு போய் நான்கு இரவு தங்கினேன். 392 சதுர கிலோமீட்டர்தான், சின்னப் பூங்கா. மழை குறைந்த வெண்புழுதித் தரை. ஆனால் கிளிமஞ்சாரோவில் இறங்கும் நீர் நிலத்தடியாக வந்து இங்கே ஊற்றெடுப்பதால் வறட்சியிலும் சதுப்பு நிலம் பச்சையாக இருக்கும். யானைகள் பல தினமும் காலையில் வெளியிலிருந்து வரிசையாகச் சதுப்புக்கு வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். அந்த வழி டிரைவருக்குத் தெரியும். விடிந்ததும் போய் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். அவ்வளவுதான் எங்கள் சஃபாரி.

அம்மா பொள்ளாச்சிக்காரர். டாப்ஸ்லிப் யானைகளைப் பார்த்துப் பழகிய கண். முதல் கூட்டம் வந்ததும், "என்னடா இது, எல்லாமே கொம்பனா? குட்டியோட வர்றதுக்கும் தந்தம் இருக்கே!" என்றார். ஆப்பிரிக்க யானையில் பிடிக்கும், அதாவது பெண் யானைக்கும், தந்தம் உண்டு. நெற்றியைப் பார்க்கச் சொன்னார் டிரைவர்: வளைந்து உருண்டிருந்தால் ஆண், கோணமாக மடிந்திருந்தால் பெண். இரண்டாம் நாள் அம்மாவே தூரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். டிரைவர் அம்மாவை "மாமா" என்றுதான் கூப்பிட்டார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா.

மூன்றாம் நாள் காலை ஒரு பெரிய பிடி எங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று மேய்ந்தது. சதுப்பிலிருந்து ஏறி வந்ததால் வயிற்றுக்குக் கீழே கன்னங்கரேலென்று ஈரம், மேலே சாம்பல் புழுதி. கோடு போட்டுப் பிரித்தது போல. தும்பிக்கையால் புல்லைச் சுற்றி, கால் நகத்தால் அடியில் உதைத்து, வேரோடு பிடுங்கியது. பிடுங்கியதை அப்படியே வாயில் போடவில்லை. முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் தின்றது. அம்மா மெதுவாக, "கீரைக்கட்டை உதறுற மாதிரியே பண்றா பாரு" என்றார். இருபது நிமிடம் இருக்கும். காதைக் கூர்ந்து பார்த்தபோது ஓரத்தில் இருந்த கிழிசல்கள்கூடத் தெரிந்தன. யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் 1972-இல் இங்கே தொடங்கிய ஆய்வில் இந்தக் காது அடையாளங்களை வைத்துத்தான் ஒவ்வொரு யானையையும் பெயரிட்டுத் தொடர்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேலாக, குடும்பம் குடும்பமாக.

அதே பாதையில் எலும்புகளும் கிடந்தன. 2022 வறட்சியில் பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரைக்கும் கென்யாவில் 205 யானைகள் இறந்ததாக அரசே அறிவித்தது. கடுமையாக அடிபட்ட இடங்களில் அம்போசெலியும் ஒன்று. வெளுத்துப்போன ஒரு மண்டையோட்டின் அருகே வந்த கூட்டம் நின்றது. முன்னால் வந்த யானை தும்பிக்கை நுனியால் தாடை எலும்பைத் தடவியது. பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு நகர்ந்தன. வண்டியில் யாரும் பேசவில்லை. முதல் பயணத்தில் இந்தப் பூங்காவைப் பார்த்தாகிவிட்டது என்று குறித்துக்கொண்டு நான் கிளம்பிப் போனதை நினைத்துக்கொண்டேன்.

மற்ற விவரங்கள். விசா இல்லை, 2024 ஜனவரி முதல் இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி வாங்கினால் போதும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மட்டும் மறக்காதீர்கள். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தால் முதலில் அவருடைய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், அந்த வயதுக்கு மேல் இந்த ஊசியைப் பார்த்துத்தான் போட வேண்டும். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பை 2017-லிருந்து அங்கே தடை, பெட்டிக்குள் துணிப்பையாக மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பாடு கவலையே இல்லை. சப்பாத்தி அங்கே அன்றாட உணவு, சுகுமா விகி என்று ஒரு கீரைப் பொரியல் கிடைக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். விடியற்காலை வண்டியில் குளிர் ஏறும், சால்வை வேண்டும்.

காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தங்கும் இடத்தில் பிடியுங்கள், வண்டியில் வேண்டாம். கூரை தூக்கிய லேண்ட் குரூசர், ஆளுக்கு ஒரு ஜன்னல், இதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அம்மாவுக்குத் தனியாக ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு இருவர் மாற்றி மாற்றிப் பார்த்தால், அம்மா கைக்கு வரும்போது சிங்கம் புதருக்குள் போயிருக்கும்.