மியூஸ்ஸ்கோரில் கார்ட் குறிகளின் தோற்றத்தை மாற்றுவது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் பாட்டுத் தாள் அடிக்கிறேன். மேஜர் செவன் கார்டின் (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) குறி நீளமாக வருகிறது. முக்கோணமாக மாற்ற முடியுமா? எழுத்தும் பொடியாக இருக்கிறது.

முடியும். முக்கோணத்துக்கு அமைப்பு எதையும் தொட வேண்டாம், தட்டச்சு செய்யும் விதத்தை மாற்றினால் போதும். சுரத்தைத் தேர்ந்து கண்ட்ரோல்-கே அழுத்தி, சி, அப்புறம் 6-ஆம் எண்ணின் மேலுள்ள தொப்பிக் குறி, பிறகு 7 என்று அடியுங்கள். மைனர் கார்டும் அப்படித்தான்: எம் அடித்தால் எம், கழித்தல் குறி போட்டால் கோடு. எனவே முதல் பாட்டிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே தாளில் இரண்டும் கலந்தால் கிட்டார்காரர் குழம்புவார்.

மொத்தத் தோற்றத்துக்கு ஃபார்மட் மெனுவில் ஸ்டைல், அதில் கார்ட் சிம்பல்ஸ். ஸ்டாண்டர்ட், ஜாஸ் என்று இருக்கும். ஜாஸில் கையெழுத்துப் போன்ற எழுத்துரு வரும். பார்க்க அழகு, ஆனால் மங்கலான மண்டப விளக்கில் கண்ணாடி போட்ட அண்ணன்மாருக்கு ஸ்டாண்டர்டே மேல் என்பேன். அங்கேயே சுரப்பெயர் முறையும் உண்டு. தவறி ஜெர்மன் முறையைத் தேர்ந்தால் பி எல்லாம் எச் ஆகிவிடும், பயப்படாதீர்கள், திருப்பி மாற்றலாம்.

எழுத்தின் அளவு மட்டும் வேறு இடம்: அதே ஸ்டைல் சாளரத்தில் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ், கார்ட் சிம்பல்ஸ். 14 வைத்துப் பாருங்கள். இந்த மாற்றங்கள் அந்த ஒரு பாட்டுக்கே சேரும். ஃபார்மட் மெனுவில் ஸ்டைலைச் சேமித்து, அடுத்த பாட்டில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள்.